மூலைக் கட்டத்தில் வித்யாலட்சுமி

ஜோகுபாளையத்தில் வித்யாலட்சுமியின் வீட்டு டிவிக்குப் பதினோரு வருஷமாகச் சத்தம் கிடையாது. பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை. கல்யாணமாகிக் குடித்தனம் வந்த முதல் வாரத்திலேயே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்தவள் அவள்தான். கணவன் ஷங்கருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவன் சண்டைப் படம் பார்ப்பான், கிரிக்கெட் பார்ப்பான், செய்தியில் கீழே ஓடும் எழுத்தைப் படிப்பான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் பீன்ஸ் நறுக்குவாள். அவன் போட்டு உருட்டுகிற பாத்திரச் சத்தத்தையும் அறைந்து சாத்துகிற கதவையும் விட்டால் அந்த வீட்டில் வேறு ஓசை கிடையாது.

அவள் பிறந்த வீடு அப்படிப்பட்டதல்ல. அது இரண்டு தெரு தள்ளித்தான். அப்பா அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஜீப் ஓட்டியவர். காலையில் அவர் சவரம் செய்ய உட்கார்ந்தால் ரேடியோ பாட ஆரம்பிக்கும், ராத்திரி அம்மா அடுப்பைத் துடைத்த பிறகுதான் ஓயும். தமிழ்ப் பாட்டு, கன்னடப் பாட்டு என்று அங்கே பேதம் பார்த்ததில்லை. வித்யாவுக்கு எந்தப் பாட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தால் போதும், வரி தவறாமல் வந்துவிடும். குரல்தான் வராது. அதனால் வாயசைத்தபடியே வேலை செய்வாள்.

ஷங்கரை அவள் முதலில் பார்த்தது ஒரு கண் ஆஸ்பத்திரியில். பி.காம். முடித்துவிட்டு அங்கே ரிசப்ஷனில் இருந்தாள். சிவந்த கண்ணோடு ஒருவன் வந்து நின்றான். அவள் பேரைக் கேட்டாள். அவன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினான். உடனே அவள், எல்லாரும் செய்கிற மாதிரியே, குரலை உயர்த்தி, "பேரு! உங்க பேரு!" என்று கத்தினாள். அவன் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தான்: "ஷங்கர். கண் எரிச்சல் நாலு நாள். கத்தாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க."

அன்று முழுக்க அவளுக்கு முகம் சுட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் அவன் மறுபடி வருவதற்குள் போனில் வீடியோ பார்த்து மூன்று சைகைகள் பழகி வைத்திருந்தாள். 'உட்காருங்கள்' என்று நினைத்து அவள் காட்டியது வேறு எதையோ சொல்லிவிட்டது. அவன் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்து, ஷூ லேஸைக் கட்டுவதுபோல ரொம்ப நேரம் பாவனை செய்தான். கண் ஆறிய பிறகும் அவன் வந்துகொண்டிருந்தான்.

கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா, "வாய் பேசாத புள்ளைய கட்டிக்கிட்டு இன்னாடி பண்ணுவ?" என்று அழுதாள்.

"பேசாத புள்ளைன்னு யாரு சொன்னது? ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேங்குது மா," என்றாள் வித்யா.

உண்மைதான். ஷங்கர் பெரிய வாயாடி. வாய்க்குப் பதில் கை, அவ்வளவுதான். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் காபி போடுகிற வேலை அவனுக்கு. யார் முகத்தைச் சுளித்தார்கள், யார் யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், எந்த மேனேஜர் இன்றைக்குத் திட்டு வாங்கினார் என்று சாயங்காலம் மெட்ரோவில் திரும்பி வந்து ஒன்றுவிடாமல் சொல்லுவான். (அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது கையால்தான். இங்கே அது எழுத்தில் வரும்போது நம் பேச்சு மாதிரி வருகிறது.)

அந்த முதல் வாரத்தில் நடந்தது இவ்வளவுதான். சமையலறையில் போனில் ஒரு பாட்டை வைத்துவிட்டு வித்யா வாயசைத்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் நிலைப்படியில் ஷங்கர். அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"யாரோட பேசுற?" என்று கேட்டான்.

"யாரோடவும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள். அவன் ஏதோ விட்டுப்போனதைப் போலக் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். அந்த முகம் அவளுக்குள் போய்த் தைத்துவிட்டது. அன்றோடு வீட்டில் பாட்டு நின்றது. மெட்ரோவில் ஏறியதும் இயர்போனை மாட்டிக்கொள்வாள். வீட்டுக்கு இறங்கவேண்டிய அல்சூர் வருவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்பே கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுவிடுவாள். யாருக்கும் தெரியாமல் பீடி குடிக்கிறவர்களைப்போல.

ஆஸ்பத்திரி வேலையை விட்டு, இரண்டு வருஷம் முறையாகப் படித்துப் பரீட்சை எழுதி, வித்யா சைகை மொழிபெயர்ப்பாளர் ஆனாள். இந்த ஊரில் காது கேளாத ஒருவருக்கு பேங்க்கிலோ, போலீஸ் ஸ்டேஷனிலோ, ரிஜிஸ்டர் ஆபீஸிலோ வேலை என்றால் அவளுக்குத்தான் மெசேஜ் வரும். ஒரு பெண்ணின் பிரசவத்துக்குப் பதினான்கு மணி நேரம் கால் கடுக்க நின்றிருக்கிறாள். டாக்டர் 'முக்கு' என்று சொல்லச் சொல்ல இவளும் கையால் சொல்லிச் சொல்லி, கடைசியில் குழந்தை பிறந்தபோது தாயைவிட இவளுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது.

இப்படி இருக்கையில்தான் அந்த அழைப்பு வந்தது. ஒரு கன்னடச் சேனல் வருஷா வருஷம் சினிமாப் பாட்டுகளுக்கு விருது கொடுக்கும் விழா நடத்துகிறது. அதில் சைகை மொழியும் வேண்டும் என்று ஆஸ்டின் டவுனில் இருக்கிற காது கேளாதோர் சங்கம் மூன்று வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. ஷங்கர் அந்தச் சங்கத்தில் பொருளாளர். இந்த வருஷம் சேனல் சரி என்றுவிட்டது. போன் செய்தவள் லாவண்யா என்ற தயாரிப்பு உதவியாளர், ஓசூர்க்காரி.

"ஆங்கர் பேசுறது, நாமினேஷன், ஜெயிச்சவங்க பேசுறது, இது மூணும் நீங்க பண்ணணும் மேடம். பாட்டுக்கு வேணாம்."

"பாட்டுக்கு ஏன் வேணாம்?"

"அவங்களுக்குத்தான் கேக்காதே மேடம்? பாட்டு வரப்போ நீங்க கைய கட்டி சும்மா நின்னா போதும்."

வித்யா வாதாடவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. ஷங்கரிடமும், "பேச்சு மட்டும்தான், பாட்டு இல்ல," என்றே சொன்னாள்.

விழா வைட்ஃபீல்டைத் தாண்டி ஒரு பெரிய அரங்கத்தில். மேடைக்குப் பின்னால் சின்ன அறை, நீலத் துணி, ஒரு கேமரா, எதிரே மேடையைக் காட்டும் டிவி. வித்யா வளையலைக் கழற்றிவிட்டு, கோடோ பூவோ இல்லாத கறுப்புக் குர்த்தாவில் நின்றாள். ஆங்கர் அடித்த ஜோக்குகளில் பாதி கன்னட வார்த்தை விளையாட்டு, கைக்கு வராது. அவற்றைத் தன் இஷ்டத்துக்கு வேறு ஜோக்காக மாற்றினாள். கேமராமேன் காது கேட்கிறவர்தான், ஆனாலும் அவளுடைய ஜோக்குக்குத்தான் சிரித்தார்.

பிறகு முதல் பாட்டு வந்தது. காதலியை மழை நிற்பதற்குள் வரச்சொல்லி ஒருவன் பாடுகிற பாட்டு. ஆறு மாதமாக மெட்ரோவில் அவளோடு பயணம் செய்த பாட்டு. சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முன்னிசை ஓடியது. பாடகன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். அவளுடைய கைகள் தாமாக அவிழ்ந்தன. மழை வந்தது, தெரு நனைந்தது, ஒருவன் ஜன்னலுக்குக் கீழே நின்று கூப்பிட்டான், எல்லாம் அவளுடைய பத்து விரலிலும் முகத்திலும் நடந்தது. அன்று மேடையில் நான்கு பாட்டு. நான்கையும் சொன்னாள்.

"பாட்டும் பண்ணிட்டீங்களா மேடம்?" என்றாள் லாவண்யா, டேப்பைப் பார்த்துவிட்டு.

"தப்பா?"

லாவண்யா டேப்பை இன்னொரு தடவை முதலிலிருந்து ஓடவிட்டாள். "இருக்கட்டும் மேடம். யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்."

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒளிபரப்பு. சங்கத்தின் அறை ஆஸ்டின் டவுனில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருக்கிறது. நாற்பது பேர் கூடியிருந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பார்க்கவேண்டுமே என்று பட்டப்பகலிலும் எல்லா டியூப்லைட்டும் எரிந்தது. டிவியின் சத்தம் உச்சத்தில் அலறிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அது இம்சையாக இருந்தது வித்யா ஒருத்திக்குத்தான். எழுந்துபோய்க் குறைத்தாள்.

திரையின் வலது மூலையில், ஒரு தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் அவள் தோன்றியதும் நாற்பது பேரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள். அவர்களுடைய கைதட்டல் அதுதான். ஐந்து நிமிஷத்தில் கீழே ஒரு நகைக்கடை விளம்பரம் ஊர்ந்து வந்து அவளைக் கழுத்துவரை மூடியது. ஷங்கரின் நண்பன் சீனு எழுந்து நின்று, "கை எங்க? நகைக்கடைல அடகு வெச்சிட்டியா?" என்று கேட்க, அறையே குலுங்கியது.

மழைப் பாட்டு வந்தது. அடக்கடவுளே, வெட்டவில்லை, வைத்திருக்கிறார்கள் என்று வித்யா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எல்லாரும் மயங்கிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். இரண்டு பேர் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார்கள். மற்றவர்கள் உற்றுப் பார்த்தார்கள். பல்லவி நான்காவது முறை திரும்பி வந்தபோது சீனுவுக்குப் பொறுக்கவில்லை.

"எத்தன வாட்டி வா வான்னு கூப்பிடுவான்? அந்தப் பொண்ணுக்கும் காது கேக்காதா?"

சிரித்துச் சிரித்து ஒரு அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. வித்யாவும் சிரித்தாள். ஷங்கர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் நாற்காலியின் நுனிக்கு வந்து, மூலைக் கட்டத்தையும் பாடகனின் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது சிறந்த பாடலாசிரியர். நான்கு முகங்களைத் திரையில் காட்டினார்கள். ஜெயித்தவர் எழுந்து எல்லாரையும் கட்டிக்கொண்டார். ஜெயிக்காத ஒருவர் சட்டைப்பையிலிருந்து பாதி எடுத்த காகிதத்தை உள்ளே தள்ளிவிட்டு, முதல் ஆளாகக் கைதட்டினார். ஒரு வினாடிதான் அது. நாற்பது பேரும் பார்த்துவிட்டார்கள். முகத்தைப் படித்தே வாழ்கிறவர்களிடம் எதுவும் தப்பாது. அறை முழுக்க அந்தத் தோற்றவருக்காகக் கைகள் உயர்ந்தன.

சிறந்த பாடகி விருதை வாங்கியது ப்ரணதி என்ற புதுப்பெண், சித்ரதுர்கா பக்கத்து ஊர்க்காரி. மைக் முன்னால் வந்தாள், வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை நிமிஷத்துக்குமேல் அந்த அரங்கத்தில் சத்தமே இல்லை. மூலைக் கட்டத்தில் வித்யாவும் கையைத் தாழ்த்தி, அந்தப் பெண்ணைப்போலவே வெறுமனே நின்றிருந்தாள். சங்கத்து அறையில் ஒரு கை அசையவில்லை. அந்தப் பெண் சொல்ல வந்ததை மொழிபெயர்ப்பு இல்லாமலே அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் ப்ரணதி, "எங்கப்பா வெளில கார் பார்க்கிங்ல நிக்கிறாரு. உள்ள வர வெக்கப்படுறாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். புரையேறிய அம்மா இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு எல்லாம் முடிந்தது. ஆளாளுக்கு வந்து வித்யாவின் தோளைத் தட்டினார்கள். ஷங்கர் கீழே போய் ஸ்கூட்டரை எடுத்து வந்தான். ஸ்கூட்டர் ஓடும்போது அவர்களால் பேசிக்கொள்ள முடியாது. ஆனால் அன்றைக்கு அவன் முதுகே ஏதோ சொன்னது. அல்சூர் ஏரிக்கரைச் சுவரோரம், ஒரு தெருவிளக்கின் அடியில், திடீரென்று வண்டியை நிறுத்தினான்.

"அந்தப் பாட்டெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியும்," என்றான்.

"லிஸ்ட் குடுத்தாங்க…"

"பொய். பாடுறவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி உன் கை போயிடுச்சு. நாலு பாட்டுலயும். பேச்சுல நீ எப்பவும் ஒரு நொடி பின்னாடி வருவ. பாட்டுல மட்டும் முன்னாடி போற."

வித்யாவுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. காது கேட்கிற ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள், ஒருவருக்கும் இது தெரிந்திருக்காது.

"தெரியும்," என்றாள். "நெறைய பாட்டு தெரியும்."

"எங்க கேப்ப?"

"மெட்ரோல. வேலைக்குப் போற வழில."

"வீட்ல?"

"கேக்கறதில்ல."

"ஏன்?"

"உன்னால கேக்க முடியாதத நான் மட்டும்…" கை பாதியில் நின்றுவிட்டது.

ஷங்கர் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் திரும்பிக்கொண்டால் பேச்சு அறுந்தது என்று அர்த்தம். எதிரே வந்து நின்றால்தான் மறுபடி பேச முடியும். அவள் சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றாள். அவன் முகத்தில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது.

"நான் சண்டப் படம் பாக்கறப்ப நீ தூங்கிப் போயிடுவ. உனக்குப் புடிக்கலன்னு நான் டிவிய அணைச்சனா?"

"இல்ல."

"நீ என்னைப் பாவம்னு நெனச்சிட்ட. ஊர்ல எல்லாரும் நெனைக்கிறதுதான். எங்க ஆபீஸ்ல காபி வாங்கறவங்க தினமும் நெனைக்கிறாங்க. எனக்குப் பழக்கம். வீட்ல ஒருத்தி மட்டும் நெனைக்க மாட்டான்னு இருந்தேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர், ஓர் ஆள் கைகளை வீசி வீசி எதையோ காட்ட எதிரே ஒரு பெண் அழுவதைப் பார்த்து நின்றுவிட்டார். "ஏன்மா, ஏதாவது தொந்தரவா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். புருஷன் பொண்டாட்டி பேசிக்கிறோம்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள் வித்யா. அவர் தயங்கித் தயங்கிப் போனார்.

"இன்னா கேட்டாரு?" என்றான் ஷங்கர்.

சொன்னாள். அவன் கண்களில் லேசாகச் சிரிப்பு வந்து, உடனே மறைந்தது.

"அன்னிக்கு சமையல் ரூம்ல நீ நின்ன முகம் எனக்கு இன்னும் மறக்கல," என்றாள் அவள். "நான் எங்கயோ போயிட்ட மாதிரி பாத்த. அதான் பயந்துட்டேன்."

ஷங்கர் புருவத்தைச் சுருக்கினான். "அன்னிக்கு நீ வெங்காயம் உரிச்சிக்கிட்டே சிரிச்ச. நான் வெங்காயம் உரிச்சா அழுகைதான் வரும். இவ எப்படி சிரிக்கிறான்னு பாத்தேன். அவ்ளோதான்."

பதினோரு வருஷத்தையும் ஒரு வெங்காயத்தில் போய்த் தொலைத்திருக்கிறாள். அழுகை சிரிப்பாக மாறி, எது எது என்று பிரிக்கமுடியாமல் வந்தது. அவன் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். ஆனால் உடனே சமாதானமாகிவிடவில்லை. வீட்டுக்கு வந்து தோசை ஊற்றிச் சாப்பிடும்வரை இரண்டே வார்த்தைதான் பேசினான்: 'உப்பு', 'போதும்'.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தவன் கூடத்து விளக்கைப் போட்டான். இரண்டு நாற்காலிகளை எதிரெதிராக இழுத்துப் போட்டு ஒன்றில் உட்கார்ந்தான்.

"சொல்லு," என்றான்.

"இன்னா சொல்றது?"

"பாட்டு. பதினோரு வருஷத்துது."

"எல்லாத்தயுமா?"

"நாளைக்கு எனக்கு ரெண்டாவது ஷிப்டு."

அவள் எதிரே உட்கார்ந்தாள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவன் சிவந்த கண்ணோடு முதல்முதலாக வந்தானே, அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் ஓயாமல் ஓடிய பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. அவளுக்கு உயிரான பாட்டு. அவசரப்படாமல், ஒரு வரியும் விடாமல் சொன்னாள். பிரிந்துபோனவளை நினைத்து ஒருவன் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். படகு போகிறது, பறவை போகிறது, பொழுது போகிறது, அவன் மட்டும் போகவில்லை.

ஷங்கர் கன்னத்தில் கைவைத்துக் கடைசிவரை பார்த்தான்.

"நல்லால்ல," என்றான். "நாள் பூரா ஆத்தங்கரைல உக்காந்திருந்தா வேலைக்கு யாரு போவாங்க? அடுத்தது சொல்லு."